வலப்பக்கக் கம்பி

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாரையும் கூப்பிடாமல் கக்கூஸுக்குப் போய்வர வேண்டும்.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார். இடது கை தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இடது கால் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. பேச்சு மட்டும் கொஞ்சம் கொழகொழத்தாலும் விளங்கியது.

"சோறு ஊட்டு, சட்டை மாட்டிவிடு, தலைய சீவு. எதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல கலா. அதுக்குக்கூட ஒரு ஆளு கையப் புடிச்சிக்கிட்டு வந்து வெளிய நிக்கிறது... அது மட்டும் வேணாம்" என்றார் அம்மாவிடம்.

ஆனால் வேறு வழியும் இல்லை. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். எங்கள் வாசலில் இறங்கி வலது பக்கம் திரும்பி, இரண்டு வீடுகளைத் தாண்டி மேட்டில் ஏறி, லயத்தின் கடைசிச் சுவரோடு வளைந்தால் கக்கூஸ். அந்த இரண்டு வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அந்தக் குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. மற்றதில், கடைசி வீட்டில், அங்கம்மா அத்தை இருக்கிறார். போகும்போது வலது கைப் பக்கம் வீடுகளின் முன்திண்ணைகளான இஸ்தோப்புகள், இடது கைப் பக்கம் தண்ணீர் ஓடும் ஆழமான கான். நடுவில் உள்ள பாதை மழை பெய்தால் சவர்க்காரம் போல வழுக்கும். நல்ல காலோடு போகிறவர்களே அதில் விழுந்திருக்கிறார்கள்.

அதனால் அம்மா தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டு அப்பாவுக்குத் துணையாக இருந்தார். அப்பா என்ன செய்தார் என்றால், காலைத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார். பிறகு பகல் தண்ணீரையும் குறைத்தார். குடித்தால் போக வேண்டும், போனால் கூப்பிட வேண்டும். அவர் சொல்லவில்லை, மிச்சம் வைத்த கோப்பைகளைப் பார்த்து அம்மா கண்டுபிடித்தார்.

"இப்படியே போனா கால் சரியாகும், குடல் காஞ்சிரும்" என்றார் அம்மா அண்ணனிடம். "என்னமாச்சும் செய்ங்கடா."

நான் பகலில் பதுளை பஸாரில் ஒரு பாமசியில் நிற்கிறேன். வாரத்தில் மூன்று பின்னேரம் கட்டடப் படம் வரையும் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் பாமசியிலேயே நடுவில் ஓட்டை வைத்த கதிரை, பிடித்து நடக்கும் சட்டம், சுவரில் பொருத்தும் பிடி எல்லாம் இருக்கின்றன. விலையை நானே தினமும் ஆட்களுக்குச் சொல்கிறேன். சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த விலையைச் சொன்னபோது முகம் மாறாதவன் அண்ணன் மட்டும்தான். அண்ணன் சதீஸ்குமார் ஒரு மேசன் பாஸுக்குக் கையாளாக இருக்கிறான்.

"அதுல என்ன இருக்கு? ஒரு கதிரை, ஒரு ஓட்டை. ஒரு பைப்பு, ரெண்டு வளைவு. ஓட்டைக்கா அவ்வளவு காசு வாங்குறானுங்க?"

"உனக்குச் செய்ய வருமாடா?" என்று அம்மா கேட்டார்.

"இவ படம் போடட்டும். நான் போடுறேன் கம்பி."

எனக்கு உடனே பயம் வந்தது. வகுப்பில் நான் இதுவரை வரைந்ததெல்லாம் யாரும் குடிபோகாத வீடுகள். அவற்றில் தப்பு இருந்தால் சிவப்புப் பேனைக் கோடு விழும், அவ்வளவுதான். இதில் தப்பு இருந்தால் அப்பா விழுவார். ஆனாலும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் தொடங்கினேன்.

முதலில் கதிரை. வீட்டில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையை அண்ணன் கவிழ்த்து வைத்து, வட்டம் போடுவதற்கு ஒன்று தேடினான். கைக்கு அகப்பட்டதை வைத்துக் கோடு போட்டு, கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அறுத்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து வந்தார்.

"டேய், என்னத்த வச்சிடா கோடு போட்ட?"

"பீங்கான."

"எந்தப் பீங்கான?"

அண்ணன் தன் பக்கத்தில் கிடந்ததைக் காட்டினான். அப்பா சாப்பிடும் பீங்கான்.

"கருமம்! சோறு போடுற பீங்கானயா..."

அப்பா கட்டிலில் இருந்தபடியே சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாயின் ஒரு பக்கம்தான் மேலே போனது. "கழுவி வையி கலா. ரெண்டும் நம்ம வயித்து வேலதானே" என்றார்.

அண்ணன் ஓட்டையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஒட்டினான். கதிரைக் கால்கள் வழுக்காமல் இருக்க அதே டியூபில் நான்கு செருப்பு. பாமசியில் இருக்கும் கதிரையை நான் துடைத்து அடுக்குகிறவள். அதைவிட இது உறுதியாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். கக்கூஸில் கொண்டுபோய் வைத்த மறுநாள் அங்கம்மா அத்தை வந்து, "அந்தக் கதிரைய எடுத்துறாதீங்க. என் முழங்காலுக்கு அம்புட்டு சொகமா இருக்கு" என்றார்.

"அத்தை, அது அப்பாவுக்கு."

"இருக்கட்டுமே. நான் என்ன அதத் தூக்கிக்கிட்டா போறேன்?"

அடுத்தது கம்பி. அப்பாவின் நல்ல கை வலது கை. அதனால் கம்பி பாதையின் வலது பக்கம், இஸ்தோப்புகளின் ஓரமாகப் போக வேண்டும் என்று படத்தில் போட்டேன். அப்பாவை வாசலில் நிற்கவைத்து, அம்மா பிடித்துக்கொள்ள, அவருடைய உள்ளங்கை எந்த உயரத்தில் இலேசாக ஊன்றுகிறது என்று சுவரில் கரியால் கோடு போட்டேன். சந்தேகம் வந்து மறுபடி நிற்கச் சொன்னேன். மறுபடியும் சந்தேகம் வந்தது.

"ஏ புள்ள, நான் வளரவா போறேன்?" என்றார் அப்பா. "அளவு அதேதான். எழுதிக்கோ."

பைப்புக்கு பஸாரின் பின் சந்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அலவி நானாவிடம் போனேன். அண்ணனும் வந்தான். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நடக்கப் பாதை கிடையாது, இரும்பின்மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும்.

"என்ன மகள், மாடி வீடு கட்டப் போறீங்களா?"

"இல்ல நானா. எங்கப்பாவுக்கு வாதம். புடிச்சி நடக்கக் கம்பி போடணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். பழைய தண்ணீர்ப் பைப் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பேனரால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். அண்ணன் எடுத்து வைத்ததில் இரண்டைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தார். "இது வேணாம் தம்பி. வெளியில பெயின்ட், உள்ளுக்குத் துருப்பிடிச்சி உக்கிப் போய் ஈக்கி. வாப்பா புடிக்கிற கம்பி. உடையக் கூடாது."

நாள்காட்டித் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படமெல்லாம் போட்டு ஈக்கி! நீங்களா போட்டீங்க? வாப்பாக்கு எந்தக் கை நல்லம்?"

"வலது கை."

"ஆ, சரி. வலப்பக்கந்தான் போட்டு ஈக்கி. சரி." வளைவுக்குப் போடும் எல்போ மூன்றை எடுத்து அவராகவே பைக்குள் போட்டார். "இதுக்குக் காசு வேணாம். வாப்பாவை நடக்கச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் பைப்புகளை நடுவில் நீளமாகப் போட்டோம். கொண்டக்டர் வந்து பார்த்தார். "இது யாருடையது? இதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"

"அது ஒக்காரலையே அண்ணே, படுத்துத்தானே இருக்கு" என்றான் அண்ணன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை. ஆனால் இறங்கும் இடத்தில் அவரே ஒரு முனையைப் பிடித்து இறக்கித் தந்துவிட்டு, "பாத்துப் போங்க, கண்ணுல குத்திறாதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. காலியான பெயின்ட் வாளிகளில் பைப் துண்டுகளை நிறுத்தி, சீமெந்தும் கல்லும் கலந்து ஊற்றி, அண்ணன் முதலிலேயே கம்பிக்கான கால்களைச் செய்து காயவைத்திருந்தான். பெரிய குழி தோண்டாமல் வாளி அளவுக்குத் தோண்டினால் போதும், சீமெந்தும் மிச்சம். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத யோசனை அது. அலவாங்கால் அவன் நிலத்தைக் குத்த, அம்மா மண்ணை அள்ள, நான் நூல் பிடித்தேன். அப்பா வாசலில் கதிரையில் இருந்து மேற்பார்வை.

"அந்த ரெண்டாவது கால் கொஞ்சம் கான் பக்கம் சாயுது."

"நேராத்தான் இருக்குப்பா."

"அப்ப நான்தான் சாஞ்சி இருக்கேன் போல" என்றார். அண்ணன் நூலைக் கட்டிப் பார்த்தான். கால்தான் சாய்ந்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் எங்கள் வாசலிலிருந்து மேடு ஏறி, கடைசிச் சுவரோடு வளைந்து, கக்கூஸ் கதவுக்கு எதிரே வரை கம்பி ஓடியது. கதவு நிலையிலும் ஒரு பிடி. இஸ்தோப்புகளுக்கு ஏறும் இடங்களில் மட்டும் ஒரு எட்டு இடைவெளி. அண்ணன் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அம்மா போய்வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தேன். அங்கம்மா அத்தை முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தார்.

"என்னயத் தாங்கிச்சின்னா கோயில் ஆனையையும் தாங்கும். கணபதியண்ணே, இனிமே நீங்க ராஜா."

மறுநாள் காலையில் கம்பியில் அவருடைய இரண்டு சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அத்தை!"

"எடுக்குறேன்டி. பதுளைக்குப் போயி பைப்பு வாங்கிக்கிட்டு வந்து போட்டிருக்கீங்க, நம்ம லயத்துக்கு ஒரு பெருமையா இருக்கட்டுமேன்னு..."

சேலைகள் எடுக்கப்பட்டன. அப்பா எழுந்தார். அம்மா கை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பார்க்கவில்லை. வலது கையைக் கம்பியில் வைத்தார். நல்ல கால் ஓர் எட்டு, இழுபடும் கால் ஓர் எட்டு. கை வழுக்கிக்கொண்டே முன்னால் போனது. இடைவெளி வந்த இடத்தில் நின்றார், மூச்செடுத்தார், தாண்டினார். மேட்டில் ஏறினார். சுவரோடு வளைந்து மறைந்தார். கதவு கிரீச்சிட்டது. உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டு வைத்தான். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் போதுமாக இருந்தது. எத்தனை மாதமாக அந்தக் கதவு அவருக்குச் சாத்தப்படாமல் இருந்தது!

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை.

"கம்பிய எங்க கொண்டு போயிட்டீங்க?"

ஓடினோம். அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி, வந்த வழியைப் பார்த்து நின்றார். கம்பி அங்கேயேதான் இருந்தது, அவருடைய இடது பக்கத்தில். தொங்குகிற கையின் பக்கத்தில்.

"இந்தப் பக்கம் வந்திருச்சே" என்றார்.

அண்ணனுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ" என்று அப்படியே குந்திவிட்டான்.

அப்பா விடவில்லை. வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து கம்பியைப் பிடித்தார். உடம்பு முறுகியது. காலோடு கால் பின்னியது. கானைப் பார்த்து ஒரு சாய்வு சாய்ந்தார். பிறகு அப்படியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "கலா" என்றார்.

அம்மா போய்க் கையைப் பிடித்தார்.

அன்று பாமசியில் நான் இரண்டு பேருக்குத் தப்பான மருந்தை எடுத்து, கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்து மாற்றினேன். மனம் நாள்காட்டித் தாளிலேயே இருந்தது. அந்தப் படத்தில் நான் ஒரு மனிதரையும் வரைந்திருந்தேன். அவர் முகம் கக்கூஸைப் பார்த்தபடி இருந்தது. போகிறவரை வரைந்தேன். வருகிறவரை வரையவே இல்லை. வீடு திரும்பி அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"நீ மட்டுமா?" என்றார் அம்மா. "உங்கண்ணன் நடந்தான், நான் நடந்தேன், அங்கம்மா நடந்தா. அந்த நானாவும் பாத்தாருன்னு சொன்ன. எல்லாருக்கும் ரெண்டு கையும் வெளங்குது. எப்படித் தெரியும்? போயி மூஞ்சியக் கழுவு."

அண்ணன் கான் ஓரமாக இன்னொரு கம்பி போடலாம் என்றான். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நல்ல யோசனைதான். அங்கம்மா அத்தை இஸ்தோப்பில் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"ரெண்டு பக்கமும் கம்பி போட்டா நடுவுல ஒரு ஆளுக்குத்தான் எடம். வெறகுக் கட்டோட வந்தா எங்கிட்டுப் போறது? கீழ் வீட்டுக்காரங்க எல்லாரும் இந்த வழிதான். இது என்ன மாட்டுக் கொட்டிலா? நாளைக்கு ஒரு பொணம் விழுந்தா பாடை எப்படிடா திரும்பும்?"

"அத்தை, வாயக் கழுவுங்க" என்றான் அண்ணன்.

"அவ சொல்றது சரி" என்றார் அப்பா உள்ளேயிருந்து. "என்னயக் கொண்டு போறப்ப நிக்க வச்சா தூக்குவீங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அவர் போவதை நிறுத்தவில்லை. இதைத்தான் நான் இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் அந்தக் கம்பியையே பார்த்திருக்க மாட்டேன். அவர் ஒவ்வொரு காலையும் தானாக எழுந்து, தானாகப் போய், தாழ்ப்பாள் போட்டு, பிறகு அங்கிருந்து கூப்பிட்டார். அண்ணன் மன்னிப்பு மாதிரி எதையோ தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார். "பாதி வழி சொந்தம்டா. பாதி வழிதான் இரவல். முந்தி முழுசும் இரவல்."

ஆனால் தேத்தண்ணி இன்னும் பாதிக் கோப்பையில்தான் நின்றது.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். காலையில் பனிமூட்டம் இறங்கி, எதிரே மலை இருப்பதே தெரியவில்லை. அப்பா போனார். தாழ்ப்பாள் விழுந்தது, எழுந்தது. அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடும் குரலுக்காகச் சுளகை மெதுவாக ஆட்டினார். குரல் வரவில்லை. சுளகு நின்றது.

"போய்ப் பாக்கவாம்மா?"

"இரு. கூப்பிடாம போனா கோவிப்பாரு."

இருந்தோம். அம்மா சுளகைக் கீழே வைத்தார். நான் எழுந்து போனேன். சுவர் வளைவில் கம்பி வெறுமையாக இருந்தது. கக்கூஸ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைக் கதிரை மட்டும்.  திரும்பி ஓடி, கானுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் ஓடியது. மேலும் கீழும் பார்த்தேன்.

அப்போது லயத்தின் பின்பக்கத்திலிருந்து அங்கம்மா அத்தையின் குரல் கேட்டது.

"கணபதியண்ணே! அங்க என்னா செய்யிறீங்க? அது என் வெறகு! தொட்டா எல்லாம் உருண்டுரும்!"

"தொடல தங்கச்சி. சும்மா நிக்கிறேன்."

நான் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். அங்கே யாரும் நடப்பதில்லை. ஒவ்வொரு வீட்டின் குசினிக்கும் பின்னால் அவரவர் விறகு, அவரவர் கோழிக்கூடு, அவரவர் ஓட்டைத் தகரம். அப்பா அங்கம்மா அத்தையின் குசினிக்குப் பின்னால் நின்றார். வலது உள்ளங்கை கருங்கல் சுவரில் விரிந்திருந்தது. அவருக்கு முன்னால் விறகுக்கு வெட்டிய தேயிலை மிலாறு கூரைத் தகரம் வரை அடுக்கியிருந்தது.

"அப்பா! இங்க எப்படி வந்தீங்க?"

"சுவரு இந்தக் கைப் பக்கமே வந்துக்கிட்டு இருந்திச்சி" என்றார். மூச்சு வாங்கியது, முகத்தில் வேர்வை. "அங்கிட்டுத் திரும்பினாத்தான கம்பி மாறுது. திரும்பாம அப்படியே போனா மாறாதில்ல? அதான் போயிட்டே இருந்தேன்."

நான் அங்கேயே நின்று மனதுக்குள் லயத்தைச் சுற்றினேன். வாசலில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் சுவர் வலப்பக்கம். கடைசிச் சுவரில் வளைந்தால் வலப்பக்கம். பின்பக்கம் வந்தாலும் வலப்பக்கம். எங்கள் குசினிக் கதவு வரைக்கும் அப்படியே. வருடக்கணக்காகக் கோயிலில் அப்படித்தானே சுற்றுகிறோம், சாமி எப்போதும் நம் வலப்பக்கம். படம் வரையும்போது அது ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வழியே வர வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

பிடிப்பதற்காக நான் முன்னால் போனேன்.

"வேணாம்" என்றார் அப்பா. "கைய எடு. வெறக மட்டும் எடு."

அங்கம்மா அத்தை குசினிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கோயிலச் சுத்துற மாதிரி லயத்தையா சுத்துறீங்க? சுத்தி முடிச்சா மாம்பழம் யாரு குடுக்கப் போறா?"

"மாம்பழம் வேணாம். ஒரு முழுக் கோப்பை தேத்தண்ணி குடு, போதும்."

 அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். தானே சுமந்து வந்து தானே அடுக்கிய விறகு. கட்டுக் கட்டாக எடுத்து எதிரே இருந்த மண்மேட்டுப் பக்கம் போட்டார். போடும்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு திட்டு. "பைப்பு போடுறேன்னு வந்தானுங்க... கடைசியில என் வெறகுதான்... நனையப் போவுது எல்லாம்..." நானும் தூக்கினேன். அண்ணனும் ஓடி வந்து சேர்ந்தான். அப்பா கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், வரிசையில் நிற்கிறவர் மாதிரி பொறுமையாக நின்றார்.

வழி தெரிந்ததும் நகர்ந்தார். அத்தையின் கதவு வந்த இடத்தில் ஒரு நிலையைப் பிடித்து நின்று, கையை நீட்டி மறு நிலையைப் பிடித்தார். பூட்டிய வீட்டுக்குப் பின்னால் சௌசௌக் கொடி சுவரில் ஏறியிருந்தது. கொடியின் மேலேயே கையை வைத்து வந்தார். நாங்கள் மூவரும் பின்னால் வந்தோம், தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி.  எங்கள் குசினிக் கதவுக்கு வந்தார். தட்டினார். தள்ளினார். கதவு அசையவில்லை.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்தக் கதவை நாங்கள் திறப்பதே இல்லை. அலுமாரி வாங்குகிற செலவு மிச்சம் என்று, அவன்தான் உள்பக்கம் நிலைக்கு நிலை பலகை அடித்துத் தட்டு செய்திருந்தான். மிளகாய்த் தூள், உப்பு, பருப்பு, மாவு டின்கள் எல்லாம் அந்தக் கதவின் மேல்தான் இருந்தன.

"கலா!" என்றார் அப்பா. அது உதவிக்குக் கூப்பிட்ட குரல் இல்லை. வேலையிலிருந்து வந்தால் வாசலில் நின்று கூப்பிடுவாரே, அந்தக் குரல்.

"யாரு அது பின்னால?" முன்வாசலில் காத்திருந்த அம்மாவின் குரல்.

"நான்தான். கதவத் தொற."

அம்மாவின் காலடிச் சத்தம் குசினிக்குள் ஓடி வந்தது. பிறகு டின்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம். ஒரு மூடி உருண்டு போனது.

"கடைய மூடுறியா, தொறக்குறியா?" என்றார் அப்பா.

"நிக்கிறீங்களா அங்க? கால் தாங்குதா?"

"தாங்குது. அவசரப்பட்டு உப்பக் கொட்டிறாத."

அண்ணன் முன்பக்கமாக ஓடி உள்ளே போய் அலவாங்கைப் போட்டுப் பலகைகளைப் பிடுங்கினான். ஆணிகள் கிறீச்சிட்டன. கதவு திறந்தது. உள்ளே அம்மா, முகமெல்லாம் மாவு.

வாசற்படி உயரமாக இருந்தது. அப்பா நிலையைப் பிடித்தார். நல்ல காலைத் தூக்கி உள்ளே வைத்தார். உடம்பை இழுத்தார். மற்றக் கால் படியில் தட்டி, தயங்கி, பின்னாலேயே வந்து சேர்ந்தது. அம்மாவின் கைகள் இரண்டும் நீண்டு, காற்றிலேயே நின்றன. தொடவில்லை. அப்பா அடுப்புப் பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

"தேத்தண்ணி இருக்கா?"

ஒரு கோப்பை குடித்தார். பிறகு கோப்பையை மறுபடி நீட்டினார்.

அந்த வாரம் அண்ணன் மிச்சமிருந்த பைப்பில் குசினிப் படிக்கு ஒரு பிடி செய்தான். படிக்கு வெளியே அரைப்படி ஒன்றும் கட்டினான். பிடுங்கிய தட்டு அங்கம்மா அத்தையின் விறகுக்குக் கூரையாகப் போனது. மேலே எங்கள் வீட்டு ஓட்டைத் தகரம். "என் வெறகு இப்ப பங்களாவுல இருக்கு" என்று அத்தை லயம் முழுக்கச் சொன்னார். டின்கள் கொஞ்ச நாள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. நான் படத்தைப் புதிதாக வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "இப்பத்தான் வரைஞ்சியா? நான் நடந்தே முடிச்சிட்டேன்" என்றார். ஆனாலும் கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை விடியும்போதே அம்மா படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகத் தயாராகிவிட்டார். எனக்கு பஸ். அண்ணன் முன்பே போய்விட்டான். அப்பா எழுந்தார், எங்கள் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினார், முன்வாசலால் இறங்கி வலது பக்கம் திரும்பினார். மேட்டில் அவர் கால் இழுபடும் சத்தம் போய்க் குறைந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா கோப்பை நிறையத் தேத்தண்ணி ஊற்றி, அடுப்புப் பலகையில் வைத்து மூடினார். குசினிக் கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை வைத்தார். பிறகு கொழுந்துப் பையைத் தூக்கிக்கொண்டார்.

"வா, பஸ் போயிரும்."

"அப்பா இன்னும் வரலையேம்மா."

"வருவாரு."

நாங்கள் லயத்தைத் தாண்டி ரோட்டில் இறங்கினோம். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அம்மா திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

"தேத்தண்ணி ஆறிருமே" என்றேன்.

"ஆறுறதுக்குள்ள வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு, அம்மா பெரட்டுக் களத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.